இலை மடிப்பில் ஒரு பேரினம்

தாமிரபரணி பிறக்கும் பொதிகைக் காட்டில் காயா மரத்தின் இலை மடிந்து தடித்திருப்பின், காண்போர் அதனை நோயென்று கடந்து செல்வர். உண்மையில் அஃது ஒரு வீடு. இலைப்பேன்கள் இளந்தளிரின் சாற்றை உறிஞ்ச, அத்தளிரே அவற்றுக்கு வளர்த்துக் கொடுத்த வீடு.

அங்கு வீடமைத்த பூச்சியும் உண்டு. ஒண்ட வந்த பூச்சியும் உண்டு. ஓரிரு மில்லிமீட்டர் உடல்களை வேறுபடுத்துவது எங்ஙனம்? சென்னை இலயோலாக் கல்லூரியில் பூச்சியியல் ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்த டி. என். அனந்தகிருஷ்ணன் (1925–2015), உணர்கொம்பின் கணுக்களையும் உடல்மயிர்களின் அமைப்பையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டார். உறவுடைய சிற்றினங்களைப் பேரினமாகத் தொகுத்தார். காயா இலையில் வாழும் குரோட்டனோத்ரிப்ஸ் அவர் நிறுவிய பேரினங்களுள் ஒன்று.

இத்தகைய பூச்சிகளுள் பல, ஒரே வகைச் செடியை நம்பி வாழ்வன. அச்செடி அழியின், ஏட்டில் பெயர் மட்டுமே எஞ்சும்.