கோழிக்காலும் எட்டு நிமிடமும்

கோழிக்கடைக்காரர் முதல் நாள் கேட்டது, "நாய்க்கா மாஸ்டர்?" என்றுதானாம். தினமும் எட்டு கிலோ கோழிக்காலும் ஐந்து கிலோ எலும்புக்கூடும் ஒரே ஆள் வாங்கிக்கொண்டு போனால் அவரும் வேறென்ன நினைப்பார்? சூப்புக்கு என்று சொல்லியும் சில நாள் நம்பவில்லை. இப்போது காலை ஏழு மணிக்குள் இரண்டு பையில் கட்டி ஓரமாக வைத்துவிடுகிறார். நகம் வெட்டித் தர மட்டும் மாட்டேன் என்கிறார். அந்த வேலை மாஸ்டர் தலையில்.

மாஸ்டர் என்றால் பரோட்டா மாஸ்டர் இல்லை, ராமென் என்கிற ஜப்பானிய நூடுல்ஸ் சூப் செய்யும் மாஸ்டர். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஒரகடம் சந்திப்பிலிருந்து நடந்துபோகிற தூரம்தான் கடை. கீழே ஹார்டுவேர் கடை, மாடியில் இது. வாசலில் நீலத் துணி ஒன்று தொங்கும், அவ்வளவுதான் அடையாளம். பெயரைப் போட வேண்டாம் என்று முதலாளி கேட்டுக்கொண்டார். "எழுதினா கூட்டம் வரும் சார். நம்மகிட்ட பதினாலு சீட்டுதான்." விளம்பரம் வேண்டாம் என்று சொன்ன ஓட்டல்காரரை நான் பார்த்தது இதுதான் முதல்முறை. ஒரு மாதத்தில் நாலு தடவை போய்விட்டேன்.

இந்தப் பக்கம் வெளிநாட்டுச் சாப்பாடு வந்த கதை கார் வந்த கதைதான். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தது. அதன் பின்னாலேயே கொரிய எழுத்தில் பெயர்ப்பலகைகள் வந்தன. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் தொழிற்சாலை திறந்தது, வல்லம் வடகாலில் யமஹா வந்தது, உதிரிபாகக் கம்பெனிகள் கூடவே வந்தன. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் வருகிற ஜப்பானியருக்கு மதியம் ஒரு கிண்ணம் வேண்டும். ராமானுஜர் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் ராமென் வேகிறது என்று எழுத ஆசைதான். பெயர் ஒத்துப்போவதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

ஜப்பானில் பெயர்பெற்ற ராமென்களில் ஒன்று, பன்றி எலும்பை ஒரு நாள் முழுக்கக் கொதிக்கவைத்து எடுப்பது. ஹகாதா பக்கத்துச் சரக்கு, பால்போல் வெளுத்திருக்கும். இங்கே அது நடக்காது. கட்டடத்து உரிமையாளர் வாடகைப் பத்திரத்திலேயே பன்றிக்கறி கூடாது என்று எழுதி வாங்கிவிட்டார். அதனால்தான் கோழிக்கால். அதில் சதை இல்லை. தோலும் ஜவ்வும் குருத்தெலும்பும்தான். அந்த ஜவ்வு வெந்து கரைந்தால்தான் சூப்புக்குக் கனம் வரும். நம் ஆட்டுக்கால் பாயாவைக் கிளறிய கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேறுபாடு அடுப்பில் இருக்கிறது. பாயாவானாலும் எலும்பு சூப்பானாலும் நாம் தீயைக் குறைத்துவைத்துத் தெளிய விடுவோம். மாஸ்டர் தீயைக் குறைப்பதே இல்லை. டார்ஜிலிங்காரர், நேபாளி பேசுகிறவர். குர்காவோனில் ஒரு ஜப்பானியச் சமையல்காரரிடம் ஆறு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். "மெதுவா வேணாம் சார். சண்டை போடணும். தண்ணியும் கொழுப்பும் சண்டை போடணும்" என்றார். குண்டானுக்குள் பார்த்தேன். காலும் எலும்பும் மேலும் கீழும் புரண்டு முட்டிக்கொண்டிருந்தன. அந்தப் புரட்டலில் கொழுப்பு பொடிப்பொடியாக உடைகிறது. கரைந்த ஜவ்வு அதை மறுபடி ஒன்றுசேர விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆறு, ஏழு மணி நேரத்தில் தண்ணீர் வெளுக்கிறது. சுற்றளவு கைக்கு எட்டாத அந்தக் குண்டானை மணிக்கொரு தரம் அடிபிடிக்காமல் கிளறுவது மரத்துடுப்பால். அதைப் பிடித்துப்பார்த்தேன், இரண்டு நிமிடத்தில் தோள் விட்டுப்போனது.

ஒரு அகப்பை ஊற்றிக் கொடுத்தார். வாயில் வைத்தால் சப்பென்று இருந்தது. "உப்பே இல்லையே" என்றேன். சிரித்தார். உப்பு அதில் கிடையாது. அது தனியாக ஒரு எவர்சில்வர் தூக்கில் இருக்கிறது: சோயா சாஸ், கடல்பாசி, அரிசி மது எல்லாம் சேர்த்துக் காய்ச்சிய கறுப்புச் சாறு. தாரே என்று பெயர். கிண்ணத்தின் அடியில் முதலில் விழுவது அதுதான். இரண்டு கரண்டி. அளவு மாறினால் கிண்ணம் போச்சு. அந்தத் தூக்கை மாஸ்டரைத் தவிர யாரும் தொடக்கூடாது.

நூடுல்ஸ் விஷயத்தில்தான் எனக்கு ஒரு பழைய வாசனை அடித்தது. மைதா மாவில் கன்சுய் என்ற காரநீரைச் சேர்த்துப் பிசைகிறார்கள். சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் கலந்தது. அதனால்தான் முட்டை சேர்க்காமலே அந்த மஞ்சள். வெந்நீரில் குழையாத அந்த விறைப்பு. இந்த வேலையை நம் வீட்டில் அப்பளக்காரம் செய்துகொண்டிருந்தது. உளுத்தமாவில் காரம் கூடினால் நாக்கு அரிக்கும், குறைந்தால் அப்பளம் பொரியாது என்று பாட்டி விரல்நுனியில் மாவைத் தொட்டு நக்கிப்பார்த்து முடிவுசெய்வாள். மாஸ்டரும் நக்கித்தான் பார்க்கிறார். 2020 ஊரடங்கில் கன்சுய் வராமல் நின்றபோது ஆப்ப சோடாவைத் தட்டில் பரப்பி ஓவனில் ஒரு மணி நேரம் சுட்டெடுத்து ஒப்பேற்றினாராம். ஆப்ப சோடா சூட்டில் கார்பனேட்டாக மாறிவிடும், கணக்கு சரிதான். (மைதா உடம்புக்கு ஆகாது என்று வாட்ஸாப்பில் படித்தவர்கள் பக்கத்துப் பரோட்டாக் கடையையும் தாண்டிப் போய்விடலாம்.)

பிசைந்த மாவு ஒரு இரவு தூங்க வேண்டும். மறுநாள் உருளையில் தேய்த்து மடித்து, மறுபடி தேய்த்து, வெட்டி, ஆளுக்கொரு உருண்டையாகச் சுருட்டி வைக்கிறார்கள். சுருட்டுகிறவர் எழிச்சூர் பக்கத்து அக்கா ஒருவர். முட்டையும் அவர் பொறுப்பு. நாமக்கல் முட்டை, வந்த அன்றே வேகவைக்க மாட்டார், நாலு நாள் பழக விடுவார். புதுமுட்டை என்றால் ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வரும். கொதிக்கும் நீரில் ஆறரை நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர், உரித்து சோயாவில் ஒரு இரவு. வெட்டினால் மஞ்சள் வழியக்கூடாது, உறைந்தும் இருக்கக்கூடாது; வெல்லப்பாகுபோல் நிற்க வேண்டும். அக்கா இதற்குமுன் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மூன்று வருடம் கான்டிராக்டில் இருந்தவர். "அங்க நிமிஷத்துக்கு எத்தனை பீஸுன்னு கேப்பாங்க. இங்க ஒரு முட்டைக்கு எத்தனை நிமிஷம்னு கேக்குறாங்க. கடிகாரம் மட்டும் நம்மள விட மாட்டேங்குது சார்."

ராமென் பிடித்திருக்கிறதா என்று அவரிடம் கேட்டேன். "மொத நாளு வழவழன்னு இருந்துச்சு. ரசம் ஊத்துன சோறு கிடைக்காதான்னு இருந்துச்சு. இப்ப பழகிடுச்சு."

பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கிறது. ஆர்டர் வந்ததிலிருந்து கிண்ணம் மேசைக்குப் போக மூன்று நிமிடம். வெந்நீரில் கிடந்த கிண்ணத்தை எடுத்துத் துடைத்து, தாரே, ஒரு கரண்டி கோழி எண்ணெய், அதன்மேல் சூப். அந்தப் பக்கம் கம்பிக்கூடையில் நூடுல்ஸ் ஒன்றரை நிமிடம் வெந்துகொண்டிருக்கும். கூடையைத் தூக்கி இரண்டு உதறு. மூன்றாவதில் மணிக்கட்டைச் சட்டென்று நிறுத்துவார். தண்ணீர் தரையில் கோடாக விழும். பிறகு குச்சியால் ஒருதரம் மேலே தூக்கி, மடித்து, எண்ணெய் தேய்த்து வாரிய தலைபோல் படிய வைப்பார். அரை முட்டை, இரண்டு துண்டு கோழி, வெங்காயத்தாள், நோரி என்கிற கடல்பாசித் தாள் ஒன்று. சாப்பிடுகிறவருக்கு இதில் எதுவும் தெரியாது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த உதறல் ஒன்றே போதுமென்று இருந்தது.

முதல் நாள் நான் செய்த தப்பு, ஆறட்டும் என்று காத்திருந்தது. போட்டோ எடுத்தேன், ஊதினேன், பக்கத்து மேசையை வேடிக்கை பார்த்தேன். அதற்குள் நூடுல்ஸ் ஊறிப் பெருத்து சேமியாப் பாயசம்போல் ஆகிவிட்டது. எதிரே ஒரு இளம்பெண். ஒரு கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர். சென்னையில் ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாயில் ஜப்பானிய மொழி படித்தவர். "அங்கிள், இதுக்கு முன்னாடி உக்காந்து பேசவே கூடாது. உறிஞ்சுங்க. காத்தோட உறிஞ்சினா சுடாது" என்றார். சத்தம் போட்டுச் சாப்பிட்டால் முதுகில் அடி வாங்கி வளர்ந்தவன் நான். உறிஞ்சினேன். சட்டையில் நாலு சொட்டு. ஆனால் உண்மைதான், சுடவில்லை. வாசனை மூக்கு வழியாகவும் வந்தது.

அவருக்கு அடுத்த இருக்கையில் நடுவயது ஜப்பானியப் பொறியாளர், கம்பெனிச் சட்டையோடு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எட்டு நிமிடம். தலை நிமிரவில்லை. கடைசியில் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்துவிட்டு, கொச்சிசோசாமா என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்தார். உணவுக்கு நன்றி என்று பொருள். நேற்று முழுப்பகலும் இன்று காலையும் நடந்த வேலைக்கு எட்டு நிமிடம். மாஸ்டருக்கு இதில் வருத்தமில்லை. பதினைந்து நிமிடம் உட்காருகிறவரைப் பார்த்தால்தான் அவருக்குத் தாங்காது.

மூன்றாவது தடவை போனபோது டிப்ளமா முடித்த மூன்று டிரெய்னி பையன்கள் வந்திருந்தார்கள். நருட்டோ பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அதில் நாயகன் ஓயாமல் போய் உட்காரும் இச்சிராகு கடையைத் தேடிக்கொண்டு வந்தவர்கள். விலைப்பட்டியலைப் பார்த்துக் குசுகுசுத்துவிட்டு ஒரே ஒரு கிண்ணம் சொன்னார்கள், மூன்று கரண்டி. மாஸ்டர் பார்த்தார். நூடுல்ஸ் தீர்ந்ததும் இன்னொரு உருண்டையை வேகவைத்துக் கொண்டுவந்து மிச்ச சூப்பில் போட்டார். ஜப்பானில் இதைக் கேதமா என்பார்கள், அதற்குத் தனிக்காசு. இங்கே பில்லில் வரவில்லை. ஒருவன், "மச்சான், பாயாடா இது" என்றான். இன்னொருவன் மிளகுத்தூளும் எலுமிச்சம்பழமும் கேட்டான். மாஸ்டர் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன்; எலுமிச்சையை நறுக்கிக் கொடுத்தார்.

அன்றைக்கே செல்போன் உதிரிபாகம் செய்யும் கம்பெனியிலிருந்து இரண்டு பெண்கள். கிண்ணம் வந்ததும் இருவரும் முதலில் முகர்ந்து பார்த்தார்கள். "ஹாஸ்டல் பழக்கம்" என்று ஒருத்தி சிரித்தாள். 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கத்து விடுதிச் சாப்பாட்டில் ஃபாக்ஸ்கான் செல்போன் கம்பெனியின் பெண் தொழிலாளர்கள் நூற்றைம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், மற்றவர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்ததும் இந்த வட்டாரத்தில் யாருக்கும் மறக்கவில்லை. இங்கே சோற்றை முகர்ந்து பார்ப்பது கெட்ட பழக்கமில்லை.

ஒரு கிண்ணம் 620 ரூபாய். "எங்க ஒருநாள் சம்பளம் சார்" என்றான் டிரெய்னி. இந்த இடத்தில்தான் எனக்கு முள் தைத்தது. ராமென் பெரிய மனிதர் சாப்பாடு இல்லை. 1910-இல் தோக்கியோவின் அசாகுசாவில் ராய்ராய்கென் என்ற கடை சீன நூடுல்ஸைப் பிரபலமாக்கியபோதே அது கூலிக்காரர் வயிற்றை நிரப்பிய பண்டம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்கக் கோதுமை மாவு வந்து குவிந்தபோது தள்ளுவண்டிகளில் விற்றுப் பசியாற்றியது அதுதான். இன்றும் ஆயிரம் யென்னுக்கு மேல் விலை வைத்தால் ஆள் வரமாட்டான் என்று அங்கே கடைக்காரர்கள் நடுங்குகிறார்கள். அதற்கு ஆயிரம் யென் சுவர் என்றே பெயர். ஆயிரம் யென் நம் கணக்கில் அறுநூறு ரூபாய்க்குக் கிட்டத்தில். ஆக விலை இரண்டு ஊரிலும் ஒன்றுதான். தோக்கியோவில் 2024 அக்டோபரில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,163 யென் ஆனது. அங்கே ஒரு மணி நேர உழைப்புக்கு ஒரு கிண்ணம், இங்கே ஒரு நாள் உழைப்புக்கு.

முதலாளியிடம் கேட்டேன். கோழிக்கால், மைதா, முட்டை எல்லாம் சேர்த்தாலும் பெரிய காசில்லை என்று ஒத்துக்கொண்டார். விலையை ஏற்றுவது கப்பலில் வருகிற சோயாவும் கடல்பாசியும் வாடகையும். விலையைக் குறைத்தால் ஜப்பான்காரர்கள் தரம் குறைந்துவிட்டதாக நினைப்பார்கள் என்கிறார். இருக்கலாம்.

முதலாளி அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நோரித் தாள் வேண்டாம், கோழித்துண்டு ஒன்று போதும், மாஸ்டரின் சூப்பும் அக்காவின் அரை முட்டையும் இருக்கட்டும். அரைக் கிண்ணம் என்று ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மதியம் கடையைச் சாத்துகிற நேரத்தையும் இரண்டரையிலிருந்து மூன்றரைக்குத் தள்ளிவையுங்கள். அந்த டிரெய்னி பையன்களுக்கு முதல் ஷிப்ட் இரண்டரைக்குத்தான் விடுகிறது.