சூட்டில் இறுகும் ஜெல்லும் சுண்ணாம்பு பட்ட கண்ணும்

கடலூர் ஓ.டி. தாண்டி சிதம்பரம் ரோட்டில் பஸ்ஸில் போனால் சிப்காட் ரசாயன ஆலைகள் வரிசையாக வரும். அந்த மாதிரி இடத்தில் வேலை பார்ப்பவர் கண்ணில் அமிலமோ காரமோ தெறித்தால் என்ன ஆகும்? ஆலை வரைக்கும் போக வேண்டாம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு போதும். குழந்தை பாக்கெட்டை அழுத்தினால் நேரே கண்ணில் பீச்சும்.

கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் ஓரத்தில்தான் கண்ணின் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. கார்னியாவின் மேல்தோலை அவைதான் ஓயாமல் புதுப்பிக்கின்றன. அவை வெந்துபோனால் வெள்ளைவிழியின் தோல் உள்ளே படர்ந்து பார்வையை மறைத்துவிடும். தானமாக வந்த கார்னியாவை வைத்தாலும் நிலைக்காது. மேல்தோலை உண்டாக்கவே ஆள் இல்லையே!

1997-இல் இத்தாலிய விஞ்ஞானிகள் ஒரு வழி காட்டினார்கள். நல்ல கண்ணிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் திசு எடுத்து, லேபில் வளர்த்து, கெட்ட கண்ணில் ஒட்டினார்கள். இரண்டு பேருக்குப் பலித்தது.

சரி, எதன் மேல் வளர்ப்பது? நாற்றுக்கு நாற்றங்கால் மாதிரி, இந்த செல்லுக்கும் ஒட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். எலி செல்களைப் பரப்பி அதன் மேல் வளர்த்தார்கள். பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குட சவ்வையும் பயன்படுத்தினார்கள். ஆனால் சவ்வு ஆளுக்கு ஆள் மாறும், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் இருக்கிறதா என்று சோதிக்கவும் வேண்டும். பாலிமர் அப்படி இல்லை. செய்முறை மாறாவிட்டால் சரக்கும் மாறாது.

ஜப்பானில் டெருவோ ஒகானோ குழு வளர்ப்புத் தட்டில் ஒரு பாலிமரை மெல்லிசாகப் பூசியது. 37 டிகிரியில் செல் அதில் ஒட்டும். 32 டிகிரிக்குக் கீழே போனால் பாலிமர் தண்ணீரைக் குடித்து உப்பும், செல்கள் முழு ஏடாகக் கழன்று வரும். பாலாடையை அலுங்காமல் எடுக்கிற மாதிரி! இரண்டு கண்ணும் கெட்ட நான்கு பேருக்கு, வாயின் உள்தோல் செல்களை இப்படி வளர்த்துப் பொருத்திய முடிவுகள் 2004-இல் வெளிவந்தன.

சென்னை சங்கர நேத்ராலயாவில் எடுத்துக்கொண்டது அதே குடும்பத்து மெபியால் ஜெல். இட்லி மாவு மாதிரி சூட்டில் இறுகும், ஆனால் குளிர வைத்தால் திரும்பவும் தண்ணியாகிவிடும். செல்லைச் சேதமில்லாமல் எடுக்கலாம். அதில் வளர்த்த கண் செல்களை முயல்களுக்குப் பொருத்திப் பார்த்த ஆய்வு 2009-இல் வெளியானது.

2012-இல் ஹைதராபாத் டாக்டர்கள் லேபே இல்லாமல், திசுவைத் துண்டு துண்டாக்கி நேரே கண்ணில் வைக்கும் முறையை வெளியிட்டார்கள். செலவு குறைவு. ஆனால் அங்கேயும் பனிக்குட சவ்வு தேவைப்பட்டது. ஆக, நல்ல பாலிமருக்கு இன்னும் இடம் இருக்கிறது. வேதியியல் துறையும் மருத்துவக் கல்லூரியும் ஒரே அண்ணாமலை நகரில் இருக்கும் சிதம்பரத்து மாணவர்கள் இதை யோசிக்கலாமே!

அதுவரை ஒன்றை மறக்கக் கூடாது. கண்ணில் சுண்ணாம்பு பட்டால் கசக்காமல், உடனே சுத்தமான தண்ணீரை ஊற்றி அரை மணி நேரமாவது கழுவ வேண்டும். அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முதல் சில நிமிடங்களில் தண்ணீர் காப்பாற்றுகிற செல்களை எந்த லேபும் அவ்வளவு சுலபமாகத் திருப்பித் தராது.