பெயரில்லாத டிகாண்டர்

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து பங்களா. களத்தில் காபிக்கொட்டை காய்கிறது. பின்வராந்தா மேஜையில் செய்தித்தாளை விரித்து, மது ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவைகளான இரண்டு டிகாண்டர்களை வைத்திருக்கிறார்கள். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். பின்னாலேயே தோட்டத் துரைகள் வந்தார்கள், அவர்களுடைய சாப்பாட்டு மேஜைகளும் வந்தன. துரைகள் போய்விட்டார்கள். கண்ணாடி கைமாறிக் கைமாறி இங்கே நிற்கிறது.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த சேலத்து வியாபாரிக்கு உட்கார மனமில்லை. கையில் வைக்கோல் அடைத்த அட்டைப்பெட்டி.

"வாட்டர்ஃபோர்டுங்களா ஐயா? போன்ல அப்படித்தான் காட்டுது."

பழைய கண்ணாடியை மதிப்பிட வந்திருக்கும் பெரியவர் பதில் சொல்லவில்லை. ஒன்றைக் கவிழ்த்து அடிப்பாகத்தைத் தடவுகிறார். ஊதிய பாத்திரத்தை இரும்புக் கம்பியில் ஒட்டிப் பிடித்து வாயைச் சீர்செய்வார்கள். கம்பியை உடைத்து எடுத்த இடத்தில் தழும்பு நிற்கும். இதில் அந்தத் தழும்பைத் தேய்த்து வழவழப்பான குழியாக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் மெல்லிய கீறல்கள், ஒன்று ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம். "இது மேஜை போட்ட கீறல். உப்புத்தாள் போட்டிருந்தா எல்லாம் ஒரே பக்கமா ஓடும்."

நகத்தால் வெட்டு வேலையை வருடுகிறார். விளிம்பு கூராக இருக்கிறது, அச்சில் அழுத்தியது என்றால் மழுங்கியிருக்கும். ஒரு சுண்டு சுண்டுகிறார், நாதம் நீள்கிறது. ஈயம் கலந்த கண்ணாடி. லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674-இல் இந்த வகைக் கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கினார். நாள்கணக்கில் மது நின்றால் ஈயம் அதில் இறங்கும் என்பது துரைகளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இரண்டாவதன் உள்ளே பால் படிந்தாற்போல் மங்கல்.

"இதுல தண்ணி நின்னுதாம்மா?"

"மணி பிளான்ட் வெச்சிருந்தோம்ங்க," என்கிறார் வீட்டம்மா, சற்றுக் கூச்சத்தோடு. "விம் போட்டாப் போயிருமா?"

"அழுக்கில்லம்மா, கண்ணாடியே அரிச்சிருக்கு."

மூடிகள் இரண்டும் லேசாக ஆடுகின்றன. லென்ஸை வைத்துக் கழுத்தைப் பார்க்கிறார்: கீறி எழுதிய 4. அதிலிருந்த மூடியின் காம்பில் 9. ஒவ்வொரு மூடியையும் அதனதன் கழுத்துக்கென்றே தேய்த்துப் பொருத்தியதால், பட்டறையில் கலந்துவிடாமல் இருக்க எண் போடுவார்கள். மாற்றிச் செருகுகிறார். இரண்டும் அசையாமல் உட்காருகின்றன. வீட்டம்மாவின் முகத்தில், எத்தனை வருஷமாக இப்படியே இருந்ததோ என்ற திகைப்பு.

வியாபாரிக்கு இதெல்லாம் போதாது. "பேரு?"

"வாட்டர்ஃபோர்டு கண்ணாடிப் பட்டறைய 1783-ல ஆரம்பிச்சு 1851-ல மூடினாங்க. 1947-ல திரும்பத் தொடங்கின பிறகு வந்ததுல பெரும்பாலும் அடியில பேர் பொறிச்சிருக்கும். இதுல ஒண்ணும் இல்ல தம்பி."

"ஓஸ்லர்னு போட்டுக்கலாங்களா? பர்மிங்காம் கம்பெனி, கல்கத்தாவுல கடை வெச்சிருந்தாங்களாமே."

"வெச்சிருந்தாங்க. அந்தக் கடை பில்லு இருந்தாக் குடுங்க, எழுதித் தர்றேன்."

வியாபாரி சிரிக்கிறார். பெரியவர் தொடர்கிறார்: இதே வெட்டைப் பெல்ஜியத்தில் வால் செயின்ட் லாம்பர்ட்டிலும் போட்டார்கள், பொஹீமியாவிலும் போட்டார்கள், ஒரு பட்டறையில் ஓடும் கோலம் அடுத்த பட்டறைக்கும் போய்விடும். "செக்கோஸ்லோவாக்கியான்னு எழுத்து இருந்தா 1918-க்கு அப்புறம்னாவது சொல்லுவேன்."

கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறார்: ஈயக் கண்ணாடி. கையால் ஊதி, சக்கரத்தில் வெட்டியது. பெரும்பாலும் இங்கிலாந்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. செய்தவர் தெரியவில்லை.

"கடைசி வரி வேணுங்களாய்யா?"

"வேணும்."

தயங்கித் தலையாட்டிய வியாபாரி, தாளின் கடைசி வரியை மட்டும் பின்னால் மடித்துவிட்டு, செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறார்.