பொய்ச்சாட்சியும் ஒரு மஞ்சப்பையும்



ரெண்டு மாசமாக எதுவும் எழுதவில்லை. செமஸ்டர் பரீட்சை என்று ஒரு காரணம் சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் எழுதப்போவது பொய்ச்சாட்சியைப் பற்றி. ஆரம்பமே பொய்யாக இருந்தால் நன்றாக இருக்காது. நிஜக் காரணம், நான் கோர்ட்டுக்குப் போய்விட்டு வந்தேன். பயப்படாதீர்கள், குற்றவாளியாக இல்லை... சாட்சியாக.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் ஒரு பழைய வீடு. நாலைந்து குடித்தனங்கள். அதில் கடைசி போர்ஷனில் ஒரு பூக்காரப் பாட்டி இருபது வருஷத்துக்கு மேல் குடியிருக்கிறார். நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்தே என்னைக் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். 2022-ல் வீட்டுக்காரர் அட்வான்ஸை ஏற்றிக் கேட்டார். பாட்டி எங்கெங்கோ புரட்டி எண்பதாயிரம் ரூபாய் கொண்டுபோய்க் கொடுத்தார். கையில் ரொக்கமாக. ரசீது வாங்கவில்லை. "நல்ல மனுஷன்கிட்ட எப்படி ரசீது கேக்குறது?" என்பது பாட்டியின் கட்சி. அந்த நல்ல மனுஷன் அடுத்த வருஷம் காலமாகிவிட்டார். அவருடைய மகன் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். பழைய பத்திரத்தில் எழுதியிருக்கும் பத்தாயிரம்தான் அட்வான்ஸ், எண்பதாயிரம் என்பதெல்லாம் கதை என்றும் சொல்லிவிட்டார்.

பாட்டி கேஸ் போட்டார். அங்கேதான் நான் உள்ளே வருகிறேன்.

பணம் கொடுத்த அன்று நான் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பாட்டி ஒரு மஞ்சப்பையை மார்போடு அணைத்தபடி தெருக்கோடியில் இருக்கும் வீட்டுக்காரர் வீட்டுக்குப் போனார். "வீட்டுக்காரருக்குப் பணம் கொடுக்கப் போறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். நான் பார்த்தது இவ்வளவுதான்.

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா எங்கள் வீட்டுக்கே வந்தார். "தம்பி, நீங்க காலேஜ் பையன், நீங்க சொன்னா எடுபடும். பாட்டி பணத்தை எண்ணிக் குடுத்ததை நேர்ல பார்த்தேன்னு ஒரு வரி சொன்னா போதும்" என்றார். டைப் அடித்த பிரமாணப் பத்திரம் அவர் கையிலேயே இருந்தது. சிவில் கேஸ்களில் சாட்சியின் முதல் விசாரணையை இப்படி எழுத்தில் கொடுக்கும் முறை இருக்கிறது. பிறகு கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து, குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். இதை மறைக்க விரும்பவில்லை. பாட்டி பணம் கொடுத்தார் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. நடந்த விஷயத்தைத்தானே சொல்லப்போகிறோம், இதில் என்ன பொய் இருக்கிறது என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து சட்டத்தை எடுத்துப் படித்தேன். (பிசினஸ் லா பேப்பருக்கு இப்படிப் படித்திருந்தால் நல்ல மார்க் வந்திருக்கும், அது வேறு விஷயம்.)

ஆங்கிலத்தில் 'பெர்ஜுரி' என்கிறோமே, அந்த வார்த்தை லத்தீனிலிருந்து வந்தது. சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்வது என்று அர்த்தம். நம் சட்டத்தில் இதற்குப் பெயர் பொய்ச்சாட்சி அளித்தல். 1860-ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 191, 193 ஆகிய பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 227, 229. கோர்ட் விசாரணையில் வேண்டுமென்றே பொய்ச்சாட்சி சொன்னால் ஏழு வருஷம் வரை ஜெயில், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். நம் காமர்ஸ் மக்களுக்கு இன்னொன்று: கம்பெனிச் சட்டம் 2013-ல் 449-ஆம் பிரிவு என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் சத்தியம் செய்து பொய்ச்சாட்சி சொன்னால் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம். அபராதம் பத்து லட்சம் வரை போகும்.

தண்டனையைப் படித்துவிட்டுப் பயந்தேன் என்று நினைக்காதீர்கள். என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று. சட்டத்தில் பிரிவுக்குக் கீழே உதாரணங்கள் கொடுத்திருப்பார்கள். அதில் ஒன்றின் சாரம் இது: ஒருவன் கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டு, 'இன்னார் அந்த நாளில் அந்த ஊரில் இருந்தது எனக்குத் தெரியும்' என்கிறான். உண்மையில் அவனுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவன் சொன்னது பொய்ச்சாட்சி. அந்த இன்னார் அன்றைக்கு நிஜமாகவே அந்த ஊரில் இருந்திருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி!

இதை நாலு தடவை படித்தேன். விஷயம் உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் நான் பொய்ச்சாட்சி! ஏனென்றால் கோர்ட் என்னிடம் கேட்பது 'என்ன நடந்தது' என்று இல்லை. 'உனக்கு என்ன தெரியும், அது எப்படித் தெரியும்' என்று கேட்கிறது.

ஆடிட்டிங் பேப்பரில் நமக்குச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. செலவு நிஜமாகவே ஆகியிருக்கலாம், முதலாளி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் வவுச்சரைப் பார்க்காமல் 'பார்த்தேன்' என்று டிக் அடித்தால் அந்த டிக் பொய். நான் அடிக்கப்போனது அந்த மாதிரி ஒரு டிக்.

வெள்ளைக்காரன் எழுதிய சட்டம், அதனால்தான் இவ்வளவு கறார் என்றும் சொல்ல முடியாது. பழைய தமிழில் சாட்சிக்குக் 'கரி' என்று பெயர் (அடுப்புக்கரி இல்லை). பொய்ச்சாட்சி 'பொய்க்கரி'. எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போகும் இதே காவிரி கடலில் சேரும் இடத்தில் இருந்த பூம்புகாரில், பூத சதுக்கம் என்று ஒரு இடம் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அங்கே இருக்கும் பூதம் பொய்க்கரி சொல்பவர்களைப் பாசக்கயிற்றால் கட்டி அடித்துத் தின்றுவிடும். அடைக்கலக் காதையில் அப்படி மாட்டிக்கொண்ட ஒருவனின் கதையும் வருகிறது. ஒரு பத்தினியைப் பற்றி, தான் அறியாத ஒன்றுக்கு அவள் கணவனிடம் சாட்சி சொன்னவன் அவன். அவனுடைய அம்மா கதறுவதைப் பார்த்துக் கோவலன், 'அவனை விட்டுவிட்டு என் உயிரை எடுத்துக்கொள்' என்கிறான். பூதம் ஒத்துக்கொள்ளவில்லை. அறியாததற்குச் சாட்சி சொல்வது தப்பு என்பது நமக்கும் அவ்வளவு பழைய விஷயம்.

சினிமாவில் வருவதுபோல் கீதை மேல் கை வைத்துச் சத்தியம் வாங்குவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் கிடையாது. கங்காஜலத்தையோ குரானையோ வைத்துச் சத்தியம் வாங்கும் பழக்கத்தை 1840-லேயே ஒரு சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். இப்போது இருப்பது 1969-ஆம் வருஷத்துச் சட்டம். கடவுள் பெயரால் சொல்லலாம், கடவுள் நம்பிக்கை இல்லாவிட்டால் உளமார உறுதி கூறலாம்.

சரி, தெரியாததைத் தெரியும் என்று சொல்வது ஒரு பக்கம். தெரிந்ததைத் தெரியாது என்று சொல்வது இன்னொரு பக்கம். இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே, நம் வயதுக்காரர்கள் சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்று இருக்கிறது. கோகுல்ராஜ் வழக்கு.

ஓமலூரைச் சேர்ந்த இன்ஜினீயரிங் பட்டதாரி கோகுல்ராஜ், தலித் இளைஞர். 2015 ஜூன் 23-ஆம் தேதி, கூடப் படித்த தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போனார். தோழி வேறு சாதி. மறுநாள் ரயில் தண்டவாளத்தில் கோகுல்ராஜின் உடல் கிடந்தது. விசாரணையில் அந்தத் தோழி பிறழ்சாட்சி ஆனார். அப்படியிருந்தும் 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உட்படப் பத்துப் பேருக்குத் தண்டனை கொடுத்தது. வழக்கு மேல்முறையீட்டுக்கு வந்தபோது, 2022 நவம்பரில் உயர் நீதிமன்றம் தோழியை மறுபடி கூப்பிட்டது. கோயில் சிசிடிவி பதிவைக் காட்டி, 'இந்தப் பெண் யார்?' என்று நீதிபதிகள் கேட்டார்கள். தான் இல்லை என்றார் அவர். சத்தியம் செய்துவிட்டு உண்மையை மறைக்கிறார் என்று சொல்லி நீதிமன்றம் தானாகவே அவர் மேல் அவமதிப்பு நடவடிக்கையை ஆரம்பித்தது. நீதிபதிகள் 2023 ஜனவரியில் சம்பவ இடங்களுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். ஜூன் 2-ல் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள்.

அந்தத் தோழியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவரைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. கூடப் படித்த நண்பன் செத்துப்போனான். இவர் வாழ வேண்டியது அதே ஊரில், அதே சொந்தபந்தங்களுக்கு நடுவில். சாட்சிகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்ததே 2018 டிசம்பரில்தான். ஆனால் ஒரு கேள்வி மட்டும் போக மாட்டேன் என்கிறது. அந்த சிசிடிவி பதிவு இல்லாமல் போயிருந்தால் அந்தப் பையனின் அம்மாவுக்கு என்ன பதில் கிடைத்திருக்கும்?

அவர் உண்மையைச் சொன்னால் இழப்பதற்கு எவ்வளவோ இருந்தது. நான் உண்மையைச் சொன்னால் என்ன இழப்பேன்? பாட்டி கட்டிக் கொடுக்கும் பூவைத் தவிர? அப்படித்தான் யோசித்தேன். அதுவே சின்ன இழப்பு இல்லை என்று மறுநாள் தெரிந்தது.

பாட்டியிடம் போய், "நீங்க பையோட போனதையும் திரும்பி வந்ததையும் சொல்றேன் பாட்டி. எண்ணிக் குடுத்ததை நான் பார்க்கலையே" என்றேன். கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "ஏன் கண்ணு, அப்ப நான் பொய்யா சொல்றேன்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்குப் பூ கொடுக்க வரவில்லை. அம்மாகூட, "பெரிய அரிச்சந்திரன்! அந்தக் கிழவிக்கு வேற யார்டா இருக்கா?" என்று திட்டினாள்.

குமாஸ்தாவுக்கும் கோபம். ஆனால் வக்கீல் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். அந்த வரியை அவரே அடித்துவிட்டார். பிறகு பாட்டியைப் பார்த்து, அதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்: "அந்த எண்பதாயிரம் எங்கிருந்து வந்துச்சு?"

செயினை அடகு வைத்தேன், மீதி சீட்டுப் பணம் என்றார் பாட்டி. அடகுக்கடை ரசீது இருக்கிறதா? இருக்கிறது! சாமி படத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தார். தேதியைப் பார்த்தால் பணம் கொடுத்ததாகச் சொல்லும் நாளுக்கு முந்தின நாள்.

எனக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. என்னுடைய பொய் கிடைத்திருந்தால் அந்த ரசீதை யாரும் தேடியிருக்கவே மாட்டார்கள். பொய்ச்சாட்சி பொய்யான கேஸை மட்டும் ஜெயிக்க வைப்பதில்லை. நிஜமான கேஸில் நிஜமான ஆதாரத்தைத் தேடவிடாமலும் பண்ணிவிடுகிறது. போதாததற்கு, குறுக்கு விசாரணையில் நான் உளறி மாட்டியிருந்தால் பாட்டியின் உண்மையும் என்னோடு சேர்ந்து பொய்யாகியிருக்கும்.

கோர்ட் நாள் அன்று நானும் பாட்டியும் ஒரே பஸ்ஸில்தான் சத்திரம் போனோம், பேசிக்கொள்ளாமல். கன்டோன்மென்ட் கோர்ட்டில் மத்தியானம்தான் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார், "பைக்குள் என்ன இருந்தது என்று பார்த்தீர்களா?" "இல்லை." "வெறும் பூவாகக்கூட இருந்திருக்கலாம், இல்லையா?" "இருந்திருக்கலாம்." அந்த வார்த்தையைச் சொல்லும்போது பாட்டி உட்கார்ந்திருந்த பக்கம் என்னால் பார்க்க முடியவில்லை. பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் பஸ் மெதுவாக ஊர்ந்தது. பாட்டி ஜன்னலைப் பார்த்தபடியே, "நீ பாக்கலதான். ஆனா நான் குடுத்தேன் கண்ணு" என்றார். "தெரியும் பாட்டி" என்றேன். கோர்ட்டில் நான் சொல்ல முடியாத 'தெரியும்' அது. பஸ்ஸில் சொல்லலாம், தப்பில்லை.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. ரசீதை ஜட்ஜ் எப்படி எடுத்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று இனிமேல் நான் சொல்வதாக இல்லை. போன வெள்ளிக்கிழமை வாசலில் ஒரு முழம் மல்லி இருந்தது. யார் வைத்தது என்று நான் பார்க்கவில்லை.

நண்பர்களே, கடைசியாக ஒன்று. யாருக்குப் பணம் கொடுத்தாலும், அவர் எவ்வளவு நல்ல மனுஷனாக இருந்தாலும், ரசீது வாங்குங்கள். பி.காம் படிக்கிறவன் எதிர் வீட்டில் இருந்தும் அந்தப் பாட்டிக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்தக் கதையில் என் தப்பு அதுதான்.