விளிம்பில் ஒரு பெயர்

படைப்பதக்கம் சேகரிப்போர் முதலில் நோக்குவது அதன் முகத்தை அன்று, விளிம்பை. முதல் உலகப்போரில் பணிபுரிந்தோர்க்கு வழங்கப்பெற்ற பிரிட்டிஷ் போர்ப்பதக்கத்தின் ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும், மறுபுறம் குதிரைமேல் ஒரு வீரனும் இருப்பர். எல்லாப் பதக்கங்களிலும் அவர்கள் ஒருவரே. 36 மில்லிமீட்டர் வட்டத்தின் விளிம்பிலோ, பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியன ஆங்கில எழுத்துகளில் பொடியாகப் பதிக்கப்பட்டிருக்கும். வீரச்செயலுக்கு விருது பெற்றவரின் பெயர் அரசிதழில் ஏறும். அணியில் நின்று கடமையாற்றியதற்காக மட்டும் பதக்கம் பெற்ற காலாட்படைச் சிப்பாய்க்கு அந்த விளிம்பே அரசிதழ்.

அப்போரில் கடல் கடந்து சென்ற இந்தியர் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவர்தம் பதக்கங்கள் அருகியதற்குக் காரணம் அவற்றின் வெள்ளியே. 1980-இல் உலகச் சந்தையில் வெள்ளி விலை உச்சத்தைத் தொட்டபோது எண்ணற்ற போர்ப்பதக்கங்கள் உருக்கப்பட்டன. அதே வீரர்க்கு இணையாக வழங்கப்பட்ட வெற்றிப் பதக்கம் வெண்கலமாதலால் பிழைத்தது. இரண்டாம் உலகப்போர்க்கால இந்திய சேவைப் பதக்கத்தைச் செப்பு-நிக்கல் கலவை காத்தது. மதிப்புக் குறைந்த உலோகமே பெயரைக் காப்பாற்றியிருக்கிறது!

நம்மிடம் இருப்பவை சிலவே. அவற்றுள் தனித்துப்போன வெற்றிப் பதக்கம் ஒன்றைப் பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஒருவரிடம் காட்டினோம். அவர் பார்த்தது நாடாவை. நடுவே சிவப்பும் இருபுறமும் வானவில்லின் பிற நிறங்களுமாக நீளவாக்கில் ஓடும் கோடுகளை நகத்தால் வருடி, "பாவுலயே நெறம் வச்சு ஓட்டியிருக்காங்க சார், ஊடையில இல்ல" என்றார். பிறகு, "இவரு எந்த ஊர்க்காரரு?" என்று கேட்டார்.

விளிம்பில் அதற்கு விடை இல்லை. எண் இருந்தது, படைப்பிரிவு இருந்தது, ஊர் இல்லை.

நம் நடுகல் மரபு அக்கேள்விக்கு இடம் வைத்திருந்தது. செங்கம் வட்டாரக் கற்கள் பலவற்றில் மன்னனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் சார்ந்த தலைவன் அல்லது ஊர், அவன் பட்ட பூசல் ஆகியவற்றைக் காணலாம். கல் அவனுடைய மண்ணிலேயே நின்றது. பதக்கமோ கைமாறுவது. வீட்டை விட்டு வெளியேறி வணிகர் கைக்குப் போனதும் ஊர் உதிர்ந்துவிடுகிறது. எஞ்சுவது ஒற்றைப் பெயர். அப்பெயருடைய சிப்பாய்கள் ஒரே படைப்பிரிவில் எத்தனை பேரோ!

ஆதலால் நமக்கென ஒரு நெறி வகுத்துக்கொண்டோம். பேரர் இன்னாரென்று சொல்லத்தக்க வீட்டிலிருந்து பதக்கத்தை வாங்குவதில்லை. விளிம்பைப் படியெடுத்து, தமிழில் பெயர்த்து, ஊரும் உறவும் சேர்த்தெழுதி, அத்தாளை அவ்வீட்டாரிடமே கொடுத்துவிடுகிறோம். நமக்கென ஒரு படி வைத்துக்கொள்கிறோம். சேகரிப்பு இதனால் வளரவில்லை என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. தாள்கள் வளர்கின்றன.

வாசகர் இல்லங்களிலும் பழைய பெட்டிக்குள் கறுத்துப்போன வட்டம் ஒன்று கிடக்கலாம். அதைத் துலக்க வேண்டா. தேய்த்தால் எழுத்து மழுங்கும். உருப்பெருக்கி கொண்டு விளிம்பைப் படியுங்கள். அங்கே இல்லாத ஊர்ப்பெயரைச் சொல்ல வீட்டில் ஒரு முதியவர் இருக்கும்போதே, கேட்டு எழுதி வையுங்கள்.