தெரியுமா? முடியுமா?

ஒரு கட்டைவிரலால் நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இன்-பிளான்ட் டிரெயினிங் போன தொழிற்சாலையில் புது மெஷின் பொருத்த ஸ்பெயினிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதமாய் ஸ்பானிஷ் உருப்போடுவது அவர் காதுக்கும் எட்டிவிட்டது. பிராக்கெட் ஒன்று வெல்டு பண்ண ஆள் தேடியவர், நேரே என்னிடம் வந்து "ஸாபேஸ் சோல்தார்?" என்றார்.

வெல்டிங் எனக்கு நன்றாகவே வரும். ஆனால் முதல் நாள்தான் வலது கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டு கட்டுப் போட்டிருந்தேன். 'என்னால் முடியாது சார்' என்று சொல்வதாக நினைத்து, ரொம்பப் பணிவாக "நோ ஸே" என்றேன். மனுஷன் முகம் சுருங்கிப்போச்சு. பக்கத்தில் நின்ற நம்ம செட் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ராத்திரி ஹாஸ்டலில் புத்தகத்தைப் புரட்டினபோதுதான் விளங்கியது. நான் சொன்னது 'எனக்குத் தெரியாது'!

ஸ்பானிஷில் இதற்கு இரண்டு வினைச்சொற்கள். கற்றுக்கொண்ட வித்தை என்றால் 'ஸாபேர்'. உடம்போ, நேரமோ, சூழ்நிலையோ இடம் கொடுக்கிறதா என்றால் 'போதேர்'. "ஸே நதார்" என்றால் எனக்கு நீந்தத் தெரியும். "நோ புவேதோ நதார்" என்றால் என்னால் நீந்த முடியாது; காய்ச்சலாயிருக்கலாம், குளத்தில் தண்ணீரே இல்லாமலும் இருக்கலாம்.

இங்கிலீஷில் இரண்டுக்கும் 'கேன்' ஒன்றே போதும். என் புத்தகம் இங்கிலீஷ் வழிப் புத்தகம்; நானும் அந்த வழியாகவே யோசித்தேன். நம்ம தமிழில் 'தெரியும்', 'முடியும்' என்று தனித்தனியாக இருக்கே! எங்க பாட்டிகூட மாற்றிச் சொல்ல மாட்டாள். தமிழிலிருந்து நேரே போயிருந்தால் தப்பியிருப்பேன். (ஒன்று கவனம்: 'உள்ளே வரலாமா?' என்று அனுமதி கேட்கவும் அவர்களுக்குப் போதேர்தான். "புவேதோ எந்த்ரார்?")

'நான்' என்றால் ஸே, புவேதோ. 'நீ' என்றால் ஸாபேஸ், புவேதேஸ். பின்னால் செயலின் பெயரை அப்படியே வைத்தால் போதும். 'நாம்' வந்தால் 'புவே' போய் 'போதேமோஸ்' ஆகிவிடும். அது என்னை ஒரு வாரம் படுத்தியது.

மறுநாள் காலை அவர் டீ குடிக்கும் இடத்துக்கே போய், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, "ஸே சோல்தார், பேரோ நோ புவேதோ" என்றேன். பேரோ என்றால் 'ஆனால்'. ஒரு கணம் முழித்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்து எனக்கும் ஒரு டீ சொன்னார்.

பிராக்கெட் வேலை என்னவோ முதல் நாளே முடிந்திருந்தது. அந்தப் பையன் போட்ட வெல்டைப் போய்ப் பார்த்தேன். உள்ளதைச் சொன்னால், நான் போடுவதைவிட நேராகவே இருந்தது.

- மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்