கைச்சரக்கு

அந்தமானின் ஹேடோவில் ஒரு விடுதியின் வரவேற்பறையில் ஆறடி அகலத்துக்கு ஒரு கடற்போர் ஓவியம் தொங்குகிறது. அதிலுள்ள பிரெஞ்சுக் கப்பல்களில் நீலம், வெள்ளை, சிவப்பு என மூவண்ணக் கொடி பறக்கிறது. அந்தக் கொடி பொய். பொய் என்று தெரிந்தே வரைந்தவன் நான்.

1782 ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக் கடலில் சுஃப்ரானின் பிரெஞ்சுப் படையும் எட்வர்ட் ஹியூஸின் ஆங்கிலேயப் படையும் மோதிக்கொண்டன. இரண்டு பக்கமும் பதினோரு பெரிய போர்க்கப்பல்கள். அந்தச் சண்டையை அடுத்த சில ஆண்டுகளில் டொமினிக் செரெஸ் வரைந்தார். பிரான்சில் பிறந்து, பிடிபட்ட கைதியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் கடல் ஓவியராக உயர்ந்தவர் அவர். விடுதி முதலாளிக்குப் பூர்வீகம் நாகப்பட்டினம். ஓவியத்தின் அச்சுப்படத்தைக் கையில் கொடுத்து, "தம்பி, பிரிண்ட் போட்டு ஒட்டிறாதீங்க. கையாலயே வரைஞ்சு குடுங்க" என்றார். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு போர்டு எழுத ஆள் கூப்பிடுவதே நின்றுபோயிருந்த நேரம். மறுபேச்சில்லாமல் முன்பணம் வாங்கிக்கொண்டேன்.

கட்டம் போட்டுப் பெரிதாக்கினேன். பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளை மெல்லிய பிரஷ்ஷில் மூச்சை அடக்கி ஒவ்வொன்றாக இழுத்தேன். கயிற்றில் ஏய்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. சென்னைக் கப்பல் வந்தால் துறைமுகத்துக்குப் போய் நிற்கும் ஊர் இது. கடற்படையின் சமுத்ரிகா அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. ஓய்வுபெற்ற மாலுமிகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பாய் காற்றுக்கு எதிராக உப்பியிருந்தால் டீக்கடையிலேயே மானம் போய்விடும்.

கொடிக்கு வந்தபோதுதான் சறுக்கினேன்.

வேலை பாதியில் இருக்கும்போது முதலாளி பார்க்க வந்தார். "என்ன தம்பி, இவன் வெள்ளைக்கொடி காட்றான்? சரணடைஞ்சிட்டானா? வர்றவங்க கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார்.

பதில் எனக்குத் தெரியும். புரட்சிக்கு முந்தைய பிரெஞ்சு அரச கடற்படையின் கொடியே வெள்ளைதான். மூவண்ணக் கொடி அவர்கள் கப்பலில் முறையாக ஏறியது 1794இல். சுஃப்ரான் 1788லேயே இறந்துவிட்டார். அந்தக் கொடியை அவர் கண்ணால்கூடக் கண்டதில்லை. இன்னொன்றும் படித்திருந்தேன். அன்றைய சண்டையில் 'செவேர்' என்ற பிரெஞ்சுக் கப்பலின் கேப்டன் தோற்றோம் என்று கொடியை இறக்கிவிட்டார். இறக்கப்பட்டது வெள்ளைக் கொடி! அவருடைய அதிகாரிகள் ஒப்பவில்லை, சண்டையைத் தொடரவைத்தார்கள். செவேரைக் கைப்பற்ற நின்ற ஆங்கிலேயரின் 'சுல்தான்' கப்பல் குண்டடி பட்டது. கப்பலை ஒப்படை என்று ஹியூஸ் கேட்டதற்கு, கொடிக்கயிறு குண்டில் அறுந்ததால்தான் கொடி விழுந்தது என்று சுஃப்ரான் சொல்லி மறுத்துவிட்டார். கேப்டன் பதவியிழந்து ஊருக்கு அனுப்பப்பட்டார்.

இவ்வளவும் வாய் நுனியில் இருந்தது. முதலாளி கதை கேட்கும் மனிதர். சொல்லியிருந்தால் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியிருப்பார். நான் சொன்னது, "மாத்திடலாம் அண்ணே."

மீதிப் பணம் இழுபறியாகிவிடுமோ என்ற பயம் ஒரு காரணம். அதைவிட வெட்கக்கேடானது இன்னொன்று: புகையும் சாம்பலுமாகக் கிடந்த படத்தில் நீலமும் சிவப்பும் எடுப்பாக இருக்கும் என்று என் மனமே சபலப்பட்டது. மழைக்கால ஈரத்தில் அடிவெள்ளை காயும்வரைகூடக் காத்திருக்கவில்லை. சிவப்பு அதில் குழைந்து ஓரமெல்லாம் ரோஸ் நிறமானது. இன்றும் கிட்டப்போய்ப் பார்த்தால் தெரியும்.

படம் மாட்டிய பிறகு, கடற்படையில் இருந்த பெரியவர் ஒருவர் நெடுநேரம் பார்த்தார். "கயிறு ஒண்ணுகூடப் பிசகலையேப்பா" என்றார். கும்பிட்டுக்கொண்டு நின்றேன். அவர் கண் கொடிப் பக்கம் போகாததில் எனக்கு நிம்மதி. நான் நேர்மையாக இருந்ததெல்லாம் மாட்டிக்கொள்ளக்கூடிய இடத்தில் மட்டும்தான் என்பது அந்த நிம்மதியில்தான் எனக்கே புரிந்தது. கயிற்றுக்குக் காவல் இருந்தது, ஒழுங்காக வரைந்தேன். கொடிக்குக் காவல் இல்லை, விற்றுவிட்டேன். முதலாளி மேல் பழிபோட வழியில்லை. தெரியாதவர் கேட்டார், தெரிந்தவன் மழுப்பினேன்.

திருத்துவது பெரிய வேலை இல்லை. ஒரு ட்யூப் வெள்ளை போதும், ஒரு பிற்பகலில் முடியும். ஏன் என்று அவர் கேட்பாரே என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். இந்த வாக்குமூலத்தை முதலில் அவரிடம்தான் கொடுக்கப்போகிறேன். சம்மதித்தால் கூலியில்லாமல் திருத்துவேன். இப்படியே இருக்கட்டும் என்றால், படத்தின் கீழே ஒரு சீட்டு ஒட்ட அனுமதி கேட்பேன்: "கப்பல்கள் செரெஸ் வரைந்தபடி. பிரெஞ்சுக் கொடிகள் மட்டும் நகலெடுத்தவனின் கைச்சரக்கு."